தவிட்டுக்கு வாங்கிய பூடில்

1

“இந்த நாயைத் திரும்ப வாங்க நீங்கள் என்ன கொடுப்பதாக இருக்கிறீர்கள்?” என்று நகராட்சி அலுவலகத்தின் பெண் அதிகாரி கேட்டார்.

“தவிடு,” என்றேன்.

“என்னது?”

“கோதுமைத் தவிடு. ஒரு படி.”

படி என்பதற்கு ஜெர்மன் மொழியில் சொல் கிடையாது. இரண்டு கையாலும் அளவு காட்டினேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி ஃபிராவ் கெல்னர், அதாவது திருமதி கெல்னர், மடியில் நாயோடு. எனக்குப் பின்னால் துணிப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு என் மனைவி. சுவரோரமாக, என் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு என் மகள் கயல். அந்த அறையில் கவலையில்லாமல் இருந்தது நாய் மட்டும்தான். அது நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மின்விசிறியை வேடிக்கை பார்த்தது.

ஜெர்மனிக்குப் போனவனுக்கு மூளை குழம்பி நாயும் தவிடுமாக அலைகிறானாம் என்று உத்தரகோசமங்கை டீக்கடையில் பேச்சுக் கிளம்புமுன் நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கூட்டிச் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் வைக்கப் போவதில்லை.

2

முதலில் பூடில். அப்படி ஒரு நாய்ச்சாதி இருப்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாததால் ஒரு நட்டமும் இல்லை. செம்மறிக் குட்டியின் ரோமத்தை எடுத்து ஒரு நோஞ்சான் நாய்க்குப் போர்த்தி, அதற்குத் தாசில்தார் சம்சாரத்தின் நடையைக் கொடுத்தால் அதுதான் பூடில். எங்கள் வீட்டில் இருப்பதன் நிறம் ‘ஆப்ரிகாட்’ என்று விற்றவள் சொன்னாள். அட போங்கப்பா, கோதுமைத் தவிட்டு நிறம். அவ்வளவுதான்.

மற்ற நாய்க்கு முடி கொட்டும். இதற்குக் கொட்டாது, வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் சீவாவிட்டால் சிக்கு விழுந்து சடையாகிவிடும். அதனால் மாதம் பிறந்தால் சலூன். முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். குளிப்பாட்டி, சூடான காற்றில் உலர்த்தி, காலில் குஞ்சம் வைத்து, காது மடலுக்குள் முளைத்த மயிரைப் பிடுங்கி, நகம் வெட்டி, நெற்றியில் ரிப்பன் கட்டி அனுப்புகிறார்கள். நான் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மிஷினை வைத்து என் தலையை நானே வழித்துக்கொள்கிறேன்.

மகள் ஆசைப்பட்டாளே என்று வாங்கப் போன கதையைக் கேளுங்கள். குட்டி விற்கிறவள் எங்களை உட்கார வைத்து விசாரித்தாள். வீட்டில் தோட்டம் உண்டா, பகலில் யார் இருப்பீர்கள், குரலை உயர்த்திப் பேசுவீர்களா, ஏன் குறிப்பாகப் பூடில். பெண் பார்க்கப் போனபோது என் மாமனார் இத்தனை கேள்வி கேட்கவில்லை. “எத்தனை ஏக்கர்?” என்றார், “மிளகாயா, நெல்லா?” என்றார், முடிந்தது.

அப்புறம் வம்சப் பத்திரம் என்று ஒன்றைக் கொடுத்தாள். தாத்தா, பாட்டி, பூட்டன், பூட்டி எல்லாருக்கும் பேர், எல்லாருக்கும் குடும்பப் பெயர். எனக்கு அது கிடையாது. குடும்பப் பெயர் இல்லாதவனை இந்த நாட்டுக் கணினி ஏற்றுக்கொள்ளாது என்பதால் என் அய்யாவின் பேரை அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டேன். அன்றிலிருந்து வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் “ஹெர் முத்திருளாண்டி”, திருவாளர் முத்திருளாண்டி, என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட முடியாமல் பாதியில் இருமிவிட்டு நிறுத்துகிறார்கள். நாய்க்கு ‘ஆராபெல்லா’ என்று ஆரம்பித்து ஒரு முழ நீளப் பேர். அதைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொல்கிறார்கள்.

நாய்க்கு வரி உண்டு, கழுத்தில் வரி வில்லை உண்டு, தோலுக்கடியில் அடையாளச் சில்லு உண்டு, அது யாரையாவது கடித்தால் ஈடுகட்ட இன்சூரன்ஸ் உண்டு. பள்ளிக்கூடமும் உண்டு. முதல் வகுப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது, பாடம் நாய்க்கு இல்லை, எனக்கு. “உட்கார்” என்பதை நான் சரியாக உச்சரிக்கவில்லையாம். அந்த டீச்சர் சொன்னதும் நாய் உட்கார்ந்தது. நான் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்ப் புல்லை மோந்தது.

ஊரில் எங்கள் மிளகாய்க் களத்தில் ஒரு நாய் கிடந்தது. அதற்குப் பேரே இல்லை. “இந்தா” என்றால் வரும், “ச்சீ” என்றால் போகும். காய்கிற மிளகாயில் ஆடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அதற்கு ஒரு நாள் காய்ச்சல் வந்ததா, அது எப்போது செத்தது என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. நாயை வைத்துக்கொள்வதில் இரண்டு ஊரிலும் எனக்கு மரியாதை கிடையாது.

3

கயலுக்குப் பதினைந்து வயது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாய் ஓயாமல் தமிழ் பேசினாள். பள்ளிக்கூடம் போகப் போகத் தமிழ் குறைந்தது. இப்போது நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அதுவும் நல்ல மனசு இருக்கும் நாளில். மற்ற நாளில் “ம்”.

அதே பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் போட்டதும் அந்த நாயை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு இருக்கிறதே, கதவுக்கு வெளியே நின்று கேட்டால் வயிறு எரியும். அன்றைக்கு யாரோடு சண்டை, எந்தப் பாடம் கஷ்டம், எவன் என்ன சொன்னான், எல்லாம் அதற்குத் தெரியும். பெற்றவனுக்குத் தெரியாது. அந்தப் பொறாமையில்தான் நான் அதைத் திட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனியன், மூதேவி, குப்பை, சலூன்காரி, எது வாயில் வந்ததோ அது.

“அப்பா, பூடில் முட்டாள் நாய் இல்லை. ஆதியில் இது வேட்டை நாய். துப்பாக்கியால் சுட்டு விழுந்த வாத்தைத் தண்ணீரில் குதித்து எடுத்து வரும். மூட்டுக்குக் குளிர் ஏறாமல் இருக்கத்தான் அந்தக் குஞ்சம்,” என்று ஜெர்மனில் எனக்குப் பாடம் எடுத்தாள்.

“இதுவா ஆத்தா தண்ணிக்குள்ள குதிக்கும்? பனி விழுந்த புல்லுல காலு வைக்க மாட்டேங்குது. ராமேஸ்வரம் கொண்டு போனா அக்கினி தீர்த்தக் கரையில நின்னு துண்டு கேக்கும்,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “உனக்கு எதைப் பார்த்தாலும் கேவலம்தான்,” என்று சொல்லிவிட்டு நாயோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

4

கயல் பள்ளிச் சுற்றுலா போயிருந்த வாரத்தில் நாய்க்கு முடியாமல் போனது. வாந்தி, ரத்தமாக வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, “இனி அது பிழைப்பது அதன் உடம்பைப் பொறுத்தது” என்று எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து துணியில் கிடந்தது. கழுத்தைக்கூடத் தூக்கவில்லை.

இதற்கு முன்னால் கயல் ஒரு முயல் வளர்த்தாள், செத்துப் போனது. ஒரு கிளி வளர்த்தாள், அதுவும் போனது. அந்தக் கிளி செத்தபோது அவள் சோறு தண்ணியில்லாமல் கிடந்ததை என் மனைவி மறக்கவில்லை.

“ஏங்க, ரெண்டு போயிருச்சு. இது மூணாவது. புள்ள திரும்பி வந்து, நாயி எங்கேன்னு கேட்டா என்னத்தச் சொல்லுவேன்?” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு திருவாடானையில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டாள்.

அக்கா யோசிக்கவே இல்லை. “தவிட்டுக்கு வாங்குங்கடி. அதுக்குன்னு நாயி என்ன, மனுசன் என்ன? உன்னய அதுதானடி காப்பாத்துச்சு?”

இளசுகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் முன்னால் பிறந்த பிள்ளைகள் தக்காமல் போனால், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். “இந்தக் குப்பை எங்களுக்கு வேணாம்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுப்பார்கள். பிறகு ஒரு படி தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து விலைக்கு வாங்குவார்கள். பெற்றவர்களே வேண்டாமென்று எறிந்ததை எமன் சீந்துவானா? பிள்ளை தக்கிவிடும். அதற்குக் குப்பை, தவிட்டான், பிச்சை என்று பேர் வைப்பார்கள்.

என் மனைவியின் அம்மாவுக்கு, அக்காவுக்குப் பிறகு இவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து போயின. அவள் பேர் குப்பம்மாள். கயல் சின்ன வயசில் அது என்ன பேர் என்று கேட்டபோது, “அது சாமி பேருத்தா” என்று சொல்லி மழுப்பிவிட்டாள். தன்னைக் குப்பையில் போட்டார்கள் என்று ஜெர்மனியில் வளர்கிற பிள்ளையிடம் எந்தத் தாய் சொல்லுவாள்?

“நாய்க்குப் போயி தவிட்டு விலையா? ஊர்ல கேட்டாச் சிரிப்பாக,” என்றேன்.

“சிரிக்கட்டும். ஃபிராவ் கெல்னர்கிட்ட நீங்கதான் பேசணும். எனக்கு அந்தப் பேச்சு வராது. ஆனா ஒண்ணு, இது சும்மா சடங்குன்னு மட்டும் சொல்லிறாதீக. சும்மான்னு சொன்னாப் பலிக்காது. நெசமாவே வேணாம்னு சொல்லிக் குடுக்கணும். ஒரு பொழுது அவுக வீட்டுல கிடக்கட்டும். நாளைக்குத் தவிடு குடுத்து வாங்கிருவோம்.”

5

ஃபிராவ் கெல்னர் புருஷனை இழந்தவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் கண்ணாடிப் புட்டியைத் தப்பான குப்பைத் தொட்டியில் போட்டதற்காக ஒரு முறை என் வீட்டுக் கதவைத் தட்டியவர். அவர் வாசலில் நின்றுகொண்டு, கையில் செத்தது போல் தொங்கும் நாயோடு, நான் மனப்பாடம் செய்து வந்த ஜெர்மன் வாக்கியத்தைச் சொன்னேன்.

“இந்த நாய் எங்களுக்கு வேண்டாம். இது குப்பை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.”

அவர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். “நோயில் கிடக்கிறதே!”

“ஆமாம். அதனால்தான் வேண்டாம்.”

“உங்கள் மகளுக்குத் தெரியுமா?”

“அவள் ஊரில் இல்லை.”

பின்னால் நின்ற என் மனைவி கண்ணீர் விட்டால் பலிக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அது அந்த அம்மாவுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நாயை என் கையிலிருந்து பிடுங்கித் தன் கம்பளிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். “வெட்கமாக இல்லையா?” என்று கேட்டார். கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் கடையில் வாங்கிய தவிட்டோடு என் மனைவி போனாள். ஃபிராவ் கெல்னர் கதவைச் சங்கிலி போட்டபடியே திறந்து, அவள் நீட்டிய பையைப் பார்த்து, நாய்க்குத் தீனி என்று நினைத்து, தேவையில்லை என்று சொல்லிவிட்டார். நான் ஓடிப் போய் விளக்கினேன். நாங்கள் நேற்று சொன்னது நிஜம், ஆனால் நிஜமில்லை, எமன் என்று ஒருவர் இருக்கிறார், அவர் காதில் விழ வேண்டும் என்பதற்காக… நான் பேசப் பேச அவர் முகத்தில் அருவருப்புத்தான் ஏறியது. பதற்றத்தில் அவரை “நீ” என்று வேறு சொல்லிவிட்டேன். ஜெர்மனிலும் நீ, நீங்கள் உண்டு. அதோடு கதவு முழுக்கச் சாத்திக்கொண்டது.

இந்த ஊர்க்காரர்கள் கொடுத்த வாக்கை அப்படியே பிடித்துக்கொள்கிற சாதி. ‘வேண்டாம், எடுத்துக்கொள்’ என்று சொன்னால் சொன்னதுதான். அவர் நகராட்சிக்குப் போய் நாயைத் தன் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டார். பழைய உரிமையாளர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று எங்களுக்கு அழைப்பு வந்தது.

அதற்குள் நாய் எழுந்துவிட்டது. மருந்துதான் காரணம் என்றது மருத்துவமனை. தன் கவனிப்பு என்றார் ஃபிராவ் கெல்னர். என் மனைவி கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள்.

6

கயல் வந்தாள். பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. அடுத்த வீட்டு ஜன்னலில் அவளுடைய நாய் நின்று குரைத்தது.

நான் சொன்னேன். உள்ளது உள்ளபடி சொன்னேன். தவிடு, எமன், எல்லாம். அவள் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள், ஜெர்மனில்.

“வாங்கின நாளிலிருந்து அதைக் குப்பை என்று திட்டினது யார்?”

புலி வருது, புலி வருது என்று கத்தினவன் கதைதான். அத்தனை நாளும் திட்டிவிட்டு, இப்போது காப்பாற்றத்தான் குப்பை என்றேன் என்று சொன்னால் எவன் நம்புவான்?

“கயலு, அப்பா சொல்றது நெசம்தான் ஆத்தா,” என்றாள் என் மனைவி. கயல் அதைக் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து அந்த “ம்”-உம் நின்றுபோனது. பள்ளிக்கூடம் விட்டால் நேராக ஃபிராவ் கெல்னர் வீடு. இருட்டிய பிறகு வந்து படுக்கை. நாய் போனால் மயிரே போச்சு என்று இருந்துவிடுவேன். நான் நாயோடு சேர்த்து மகளையும் அல்லவா அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்? நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். விற்ற நாய் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் குரைத்தது, அதோடு என் மகளின் சிரிப்புச் சத்தமும் கேட்டது.

7

அதனால்தான் நகராட்சி அலுவலகத்தில் தவிட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கயலைக் கேட்டார். “நீ என்ன நினைக்கிறாய்?”

“அப்பாவுக்கு அது ஒருநாளும் பிடிக்காது. ஃபிராவ் கெல்னரிடமே இருக்கட்டும்,” என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி.

அதிகாரி கையெழுத்துப் போட வேண்டிய தாளை என் பக்கம் தள்ளினார். பேனாவை எடுத்தேன். அப்போது பின்னாலிருந்து என் மனைவி எழுந்து வந்தாள். இத்தனை வருஷத்தில் எந்த அலுவலகத்திலும் வாய் திறக்காதவள். தெரிந்த ஜெர்மன் சொற்களை ஒன்றொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தாள்.

“நான். நானும் குப்பை. எனக்கு முன், இரண்டு குழந்தை, செத்தது. என் அம்மா, என்னை, குப்பையில் வைத்தாள். வேண்டாம் சொன்னாள். பக்கத்து வீட்டு அம்மா எடுத்தாள். என் அம்மா தவிடு கொடுத்தாள். நான் சாகவில்லை.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். “இங்கே இருக்கிறேன்.”

ஜன்னல் பக்கம் நின்றவள் திரும்பினாள்.

“அம்மா,” என்றாள் கயல். எத்தனையோ காலத்துக்குப் பிறகு தமிழ். “உன்னக் குப்பையில போட்டாங்களா?”

“போட்டாகத்தா.”

“நீ சாமி பேருன்னு சொன்ன.”

“வேற என்னத்தச் சொல்லச் சொல்லுற?”

“உங்க அம்மாவுக்கு உன்னப் புடிக்காதா?”

“புடிக்கப் போயித்தானேடி போட்டா! புடிக்காதவ எதுக்குப் போயித் தவிடு தேடப் போறா?” என்று சொல்லும்போதே என் மனைவிக்குக் குரல் உடைந்துவிட்டது. அத்தனை நாள் பல்லைக் கடித்து வைத்திருந்த அழுகை எல்லாம் நகராட்சி அலுவலகத்தில் வந்தது. கயல் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஃபிராவ் கெல்னரிடம் நல்ல ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னாள். நான் அரைகுறையாக உளறியதையே அவள் சொன்னபோது அது நம்பும்படியாக இருந்தது.

ஃபிராவ் கெல்னர் வெகுநேரம் நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கும் அதைக் கொடுக்க மனசில்லை. அது தெரிந்தது. அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் கிடையாது.

“அந்தத் தவிடு எங்கே?” என்றார்.

என் மனைவி துணிப்பையைக் கொடுத்தாள். அவர் திறந்து பார்த்து, ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, தலையாட்டி, நாயைத் தூக்கிக் கயல் கையில் கொடுத்தார். “சாயங்காலம் கூட்டிக்கொண்டு வா. இல்லாவிட்டால் விலை போதாது என்று சொல்லிவிடுவேன்,” என்றார்.

“பேர் அதே பேர்தானா?” என்று அதிகாரி கேட்டார்.

“மாத்தணும். வாங்கினதுக்குப் புதுப் பேரு வைக்கணும்,” என்றாள் என் மனைவி.

கயல் நாயையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். “தவிடு,” என்றாள். நான்கு தலைமுறை வம்சப் பத்திரம் உள்ள ஆராபெல்லா சீமாட்டி, அந்த அலுவலகத்தின் கணினியில் தவிடு ஆனாள்.

8

பூடில் மேல் எனக்கு இருந்த அபிப்பிராயம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது இன்னும் ஈரப் புல்லில் கால் வைக்காது. இன்னும் நான் “உட்கார்” என்றால் மோந்துவிட்டுப் போகும். நேற்றுதான் என் செருப்பில் ஒன்றைத் தின்றது.

ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நாய்க்கு எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு கேட்க மருத்துவமனைக்கு நானும் கயலும் போயிருந்தோம். குடலில் வேறு ஏதாவது இருக்கலாம் என்று முன்பே சந்தேகமாகச் சொல்லியிருந்தார்கள். காத்திருக்கும் அறையில் அவள் நாயை மடியில் வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா,” என்றாள்.

“என்னத்தா?”

“திட்டுப்பா.”

“யாரை?”

“தவிட்டத்தான். உள்ள கூப்பிடறதுக்கு முன்னாடி திட்டு. நீ எப்பவும் திட்டுவல்ல, அந்த மாதிரி.”

வாழ்நாளெல்லாம் தேடிப் போகாமல் வந்த வசவு, அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நாய் என்னையே பார்த்தது. கயலும் பார்த்தாள்.

“சனியன்,” என்றேன். “மூதேவி. கழுதைக்குப் பொறந்தது. ஒண்ணுக்கும் உதவாத நாயி. எமனே எடுத்தாலும் ஒரு நா வச்சிருக்க முடியாம திருப்பிக் கொண்டாந்து விட்டுருவான்.”

எங்கள் ஊர்க் குழாயடியில் அதிகாலைத் தண்ணீர்ச் சண்டையில் மட்டும் கேட்கும் வார்த்தைகளும் கொஞ்சம் வந்தன. எதிரே பூனைக் கூடையோடு இருந்த பெரியவர் என் தொனியைக் கேட்டு முகம் சுளித்தார்.

“போதுமா?” என்று கேட்டேன்.

கயல் என் தோளில் சாய்ந்துகொண்டாள். “பத்தாதுப்பா. இன்னும் திட்டு.”

உள்ளே கூப்பிடும் வரைக்கும் நிறுத்தாமல் திட்டினேன்.